கை போனால் தொழிலும் போக வேண்டுமா?

வியாபாரப் பக்கத்தில் செயற்கைக் கையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். அது வைத்தியர்களின் விடயம், இல்லாவிட்டால் தர்ம ஸ்தாபனங்களின் விடயம் என்பதே எம்மில் பலரது எண்ணம். ஆனால் மரக்காலை, அரிசி ஆலை, பேக்கரி, ஐஸ் பெக்டரி, அச்சகம் என்று எமது வாசகர்கள் நடத்தும் தொழில்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். வாள், பெல்ட், உருளை, கத்தி இவற்றில் ஒன்றாவது சுழலாத தொழில் எத்தனை? கை போவது வைத்தியசாலையில் அல்ல, எமது கூரையின் கீழ்தான்.

கையிழந்த தொழிலாளிக்கு நாம் பெரும்பாலும் செய்வது இரண்டில் ஒன்று. ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மனம் கேளாவிட்டால், கடை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார வைப்போம். இரண்டிலும் அந்த மனிதர் பத்துப் பதினைந்து வருடமாகச் சேர்த்த தொழில் அறிவு வீணாகிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அவர் செய்த வேலைக்குப் பொருத்தமான ஒரு கையைச் செய்வித்து, அவரை மீண்டும் வேலைக்கு எடுப்பது. இந்த வழிக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் வைத்தியர்களை விடப் பட்டறைக்காரர்களே அதிகம் வருகிறார்கள் என்பதுதான் என்னை இதை எழுதத் தூண்டியது.

மர ஆலையில் பிறந்த கொக்கி

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவிட் டொரன்ஸ் என்பவர் மர ஆலையில் வேலை செய்து வந்தார். 1909 இல் நடந்த விபத்தில் அவரது வலக்கை போனது. அந்தக் காலத்தில் கிடைத்த செயற்கைக் கைகள் அவருக்குச் சரிப்படவில்லை. தானே ஒன்றைச் செய்து 1912 இல் பேட்டன்ட் உரிமையும் பெற்றார். பார்ப்பதற்குக் கை போலவே இருக்காது. வளைந்த இரண்டு உலோக விரல்கள். ஒன்று அசையாது, மற்றது விலகித் திறக்கும். அடியில் தடித்த இறப்பர் வளையங்கள் போட்டு மூடி வைத்திருக்கும். இதன் வழிவந்த கொக்கிகள் இன்றும் உலகெங்கும் விற்பனையாகின்றன. நூறு வருடத்துக்கு மேலாகச் சந்தையில் நிற்கும் பொருள்கள் எத்தனை என்று வியாபாரிகளாகிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இது வேலை செய்யும் விதம் மிக எளிது. எஞ்சிய கையில் ஓர் உறை மாட்டப்படும். அந்த உறையிலிருந்து முதுகுக்குப் பின்னால் எட்டு வடிவில் ஒரு வார்ப்பட்டி தோள்களைச் சுற்றிப் போகும். பட்டிக்கும் கொக்கிக்கும் இடையில் ஒரு கேபிள். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிளைக் கழற்றிப் பார்த்தவருக்கு இது புதிதல்ல, குழாய்க்குள் ஓடும் அதே கம்பிதான். தோளை முன்னால் தள்ளினால் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும். தளர்த்தினால் இறப்பர் இழுத்து மூடிக்கொள்ளும். ஒரு வளையத்துக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் பிடிப்பு. பாரமான வேலைக்காரர் வளையத்தைக் கூட்டிக் கொள்வார். பற்றரி கிடையாது, மோட்டார் கிடையாது. கொக்கி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத் தோளில் வரும் இழுவையைக் கொண்டே உணர்ந்துகொள்ளலாம். இரண்டாம் உலக யுத்தம் முடியும் காலத்தில் அமெரிக்காவின் நோர்த்ரப் விமானக் கம்பனியின் பொறியியலாளர்கள்தான் விமானத்தில் பாவித்த உறையிட்ட கேபிளைச் செயற்கைக் கைக்குள் கொண்டு வந்தார்கள். அதற்கு முந்தியவை தோல் வாரும் கயிறும்.

பிற்காலத்தில் இதே கொக்கி வேலைக்கு வேலை மாறியது. விவசாயிக்கும் கட்டட வேலைக்காரருக்கும் என்று ஒரு மாதிரி வந்தது. வாளியின் பிடி வழுக்காமல் தொங்கவும், மண்வெட்டிக் காம்பு அடங்கவும், ஆணியைப் பிடித்து நிறுத்தவும் அதில் தனித்தனி இடம் விட்டிருக்கிறார்கள். காரியாலய வேலைக்காரருக்கு அலுமினியத்தில் இலேசானது. கடதாசி வழுக்காமலிருக்க உட்புறம் இறப்பர் ஒட்டியது.

பேர்லினில் ஒரு பேராசிரியர்

முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மனியில் பல்லாயிரக்கணக்கானோர் கை கால் இழந்து திரும்பினார்கள். ஆண்கள் யுத்தகளத்தில், பெக்டரியில் ஆளில்லை. இந்தச் சிக்கலை அந்த நாடு ஒப்படைத்தவர்களுள் முக்கியமானவர் ஒரு வைத்தியரல்ல. பேர்லின் அருகே சார்லொட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரக் கருவிகளையும் தொழிற்சாலை நிர்வாகத்தையும் கற்பித்த பேராசிரியர் ஜோர்ஜ் ஷ்லெசிங்கர் அவர். 1916 இல் அங்கே செயற்கை உறுப்புகளைப் பரிசோதிக்கும் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. சந்தைக்கு வரும் செயற்கைக் கைகளைக் கையிழந்த தொழிலாளர்களிடம் கொடுத்து, உண்மையான பட்டறை வேலையைச் செய்வித்துப் பார்த்தார்கள். அரம் போட முடிகிறதா? சுத்தியல் அடிக்க முடிகிறதா? மண்வெட்டி பிடிக்க முடிகிறதா? எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கிறது? எங்கே உடைகிறது?

கையைப் போல ஒரு கையைச் செய்வது எப்படி என்று அவர்கள் தொடங்கவில்லை. இந்த வேலைக்கு என்ன பிடி வேண்டும் என்றே தொடங்கினார்கள். மனிதக் கை பொருள்களைப் பிடிக்கும் விதங்களை ஷ்லெசிங்கர் ஆறாக வகுத்தார். குழாயைச் சுற்றிப் பிடிப்பது, பந்தைப் பிடிப்பது, ஊசியை விரல் நுனியில் எடுப்பது, பெட்டியைக் கொளுவித் தூக்குவது, சாவியைப் பெருவிரலால் அழுத்திப் பிடிப்பது, புத்தகத்தை உள்ளங்கைப் பக்கமாகப் பிடிப்பது. 1919 இல் வெளியான நூலில் வந்த இந்த வகுப்பைத்தான் இன்று ரோபோ கை செய்பவர்களும் எடுத்தாள்கிறார்கள். ஒரு தொழிலாளிக்கு ஆறும் தேவைப்படுவதில்லை. இரண்டோ மூன்றோ போதும். அவை எவை என்று தெரிந்தால் செலவு பாதியாகிவிடும்.

அந்த நிலையம் செய்த இன்னொரு காரியம் எமது இரும்புக் கடைக்காரர்களுக்கு நன்றாக விளங்கும். பல கம்பனிகள் பல மாதிரிக் கைகளைச் செய்தபோது, ஒன்றின் கருவி மற்றதில் பூட்டவில்லை. இணைப்புகளின் அளவை எல்லோருக்கும் ஒன்றாக ஆக்கினார்கள். அதன்பின் ஒரே கையில் காலையில் சுத்தியலைப் பூட்டலாம், பின்னேரம் அரத்தைப் பூட்டலாம். வீட்டுக்குப் போகும்போது இரண்டையும் கழற்றிவிட்டு, மரத்தில் செய்த அழகான கையை மாட்டிக்கொண்டு போகலாம். அந்த அழகான கைக்கு ஜேர்மன்காரர் வைத்த பெயர் ஞாயிற்றுக்கிழமைக் கை. எங்கள் ஊரில் என்றால் பெருநாள் கை என்று சொல்லியிருப்போம்.

இதில் எல்லாமே சிறப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மனிதனை இயந்திரத்தின் ஒரு பாகம் போலப் பார்த்த குறை அந்த முயற்சியில் இருந்தது. பலர் கொடுத்த கையை அணியாமல் மூலையில் போட்டார்கள். கடைசியில் 1920 இல், கடுமையாக ஊனமுற்றவர்களுக்கு முதலாளிமார் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட வேண்டியிருந்தது. கருவி மட்டும் போதாது, எடுத்து வைத்துக்கொள்ள ஒரு முதலாளியும் வேண்டும்.

ஆணியில் தொங்கிய கை

எனக்குத் தெரிந்த ஒரு மரக்காலைக்காரர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் கேட்டது இது. “காக்கா, அவன்ட இடக்கை முழங்கைக்குக் கீழால போயிட்டு. ஒம்பது வருசம் என்னோட நிண்டவன். காசக் குடுத்து அனுப்பவும் மனமில்ல, வெச்சிருந்து என்ன செய்யிற எண்டும் விளங்குதில்ல.”

விபத்து நடந்து ஏழெட்டு மாதம் கழித்து அந்தத் தொழிலாளிக்கு ஓரிடத்தில் செயற்கைக் கை கிடைத்தது. நிறம் கூடத் தோலுக்குப் பொருந்தியிருந்தது, நகம் கூட இருந்தது. ஆனால் எதையும் பிடிக்காது. அவர் என்ன வேலை செய்கிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லையாம். இரண்டு கிழமை போட்டார். வியர்த்தது, அரித்தது. அதன்பின் அந்தக் கை மரக்காலைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. நான் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக் கையசைப்பது போலிருக்கும்.

அழகான கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. புடைவைக் கடையில் வாடிக்கையாளர் முன் நிற்பவருக்கு அதுவே சரியான கருவியாக இருக்கலாம். சந்தியில் பிறர் பார்வை படாமல் நடந்து போவதும் ஒரு மனிதனின் தேவைதான். ஆனால் மரக்காலையில் அது உதவாது.

நாங்கள் மூவரும் ஒரு நாள் உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை அவர் என்னென்ன செய்தார் என்று எழுதிப் பார்த்தோம். வாளுக்கு மரம் கொடுப்பது பெரிய வேலை. ஆனால் நாள் முழுவதும் அதுவல்ல. மரம் அளப்பது, கோடு போடுவது, கன அடிக் கணக்கு எழுதுவது, பலகை அடுக்குவது, லொறியில் ஏற்றும்போது கயிறு இறுக்குவது, எந்த மரத்தில் எந்தப் பக்கம் வெடிப்பு வரும் என்று பார்த்துச் சொல்வது. கடைசி ஒன்றுக்குக் கையே தேவையில்லை. அந்த அறிவுக்குத்தான் முதலாளி உண்மையில் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார். அளக்கும் நாடாவின் நுனியைப் பிடிக்கவும், பலகை விளிம்பைக் கொளுவவும், கயிற்றை இறுக்கும்போது ஒரு பக்கம் தாங்கவும் இடப்பக்கம் ஒரு கொக்கி இருந்தால் போதும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறோர் இடத்துக்குப் போய்க் கொக்கி வாங்கினார்கள். அவர் இப்போது வாளுக்குப் போவதில்லை. போகவும் கூடாது என்பது என் கருத்து. சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கும் கேபிளும் வார்ப்பட்டியும் ஆபத்தானவை. அவருக்குப் பதிலாக வாளுக்குப் போகிற பையன் முன்னால் ஒரு தடுப்பு போட்டிருக்கிறார்கள். அந்தத் தடுப்பு ஒன்பது வருடத்துக்கு முன் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையிருந்திருக்காது.

முதல் ஒரு மாதம்

ஏழெட்டு மாதம் கழித்துக் கை கிடைத்தது என்றேன். அந்தத் தாமதமும் சாதாரண விடயமல்ல. அமெரிக்காவில் கையிழந்தவர்களிடம் நடத்தப்பட்டு 1984 இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. கை போய் முப்பது நாட்களுக்குள் செயற்கைக் கை பொருத்தப்பட்டவர்கள் எல்லோரும் நான்கு மாதத்துக்குள் வேலைக்குத் திரும்பினார்கள். முப்பது நாள் கடந்து பொருத்தப்பட்டவர்களில் திரும்பியவர்கள் நூற்றுக்கு 15 பேர்தான், அதுவும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை எடுத்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் தொகையில் குறைவு. ஆகவே இந்த எண்களை அப்படியே எமது நாட்டுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் காரணம் விளங்குகிறது. ஒரு மாதத்துக்குள் மனிதன் ஒற்றைக் கையால் சட்டை போடவும், சாப்பிடவும், கதவைத் திறக்கவும் பழகிவிடுகிறான். பழகியபின் வருகிற கருவி அவனுக்குச் சுமையாகத்தான் தெரியும்.

அந்த முதல் மாதத்தில் முதலாளி என்ன செய்கிறார்? வைத்தியசாலைக்கு ஒரு முறை போய்ப் பார்க்கிறார், பழங்கள் கொடுக்கிறார், “ஒண்டும் யோசிக்காதே, பாத்துக்கொள்ளுவம்” என்கிறார். பிறகு புதிய ஆளை எடுக்கிறார். தையல் பிரிக்குமுன்னரே செயற்கை உறுப்புச் செய்பவரிடம் பேசுவதற்கும், வேலைப் பட்டியலை எழுதுவதற்கும் அந்த நாட்களே உரியவை. காயம் ஆறும் வேகத்தைத் தீர்மானிப்பவர் வைத்தியர்தான். ஆனால் எந்த மாதிரிக் கை என்ற பேச்சு காயம் ஆறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விலை கூடினால் நல்லதா?

இன்று தசையின் மின்குறிப்பை உணர்ந்து இயங்கும் கைகள் இருக்கின்றன. ஐந்து விரலும் தனித்தனியாக மடங்கும் ஐ-லிம்ப் என்ற கை 2007 இல் ஸ்கொட்லாந்திலிருந்து சந்தைக்கு வந்தது. வீடியோவில் பார்த்தால் வாய் பிளக்க வைக்கும். இவ்வகைக் கைகள் எங்கள் பணத்தில் பல இலட்சங்கள். பற்றரி சார்ஜ் பண்ண வேண்டும். தண்ணீர், தூசு, எண்ணெய் மூன்றும் பெரும்பாலான மாதிரிகளுக்கு ஆகாது. அரிசி ஆலையிலோ மீன் வாடியிலோ இந்த மூன்றும் இல்லாத மூலை எங்கே இருக்கிறது?

சுவிட்சர்லாந்தில் சூரிச் அருகே 2016 இல் சைபத்லொன் என்ற போட்டி நடந்தது. செயற்கை உறுப்பு அணிந்தவர்கள் அன்றாட வேலைகளை நேரத்தோடு போட்டியிட்டுச் செய்ய வேண்டும். கைப் பிரிவில் ரோபோ கைகள் பல வந்திருந்தன. வென்றவர் அமெரிக்கரான பொப் ரடொசி. அவர் அணிந்திருந்தது தோளால் இழுத்து இயக்கும் கேபிள் கை! 1971 இல் விபத்தொன்றில் கையிழந்த அவர், 1979 இல் இத்தகைய கைகளைச் செய்யும் கம்பனியையும் தொடங்கியவர். அவருடைய கருவியில் இழுத்தால் மூடும், எவ்வளவு இழுக்கிறாரோ அவ்வளவு இறுக்கம்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2007 இல் இரு கனேடிய ஆய்வாளர்கள் இருபத்தைந்து வருடத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வளர்ந்தவர்களில் கேபிள் கையைக் கைவிட்டவர்கள் சராசரியாக நூற்றுக்கு 26, மின்சாரக் கையைக் கைவிட்டவர்கள் 23. பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் நால்வரில் ஒருவர் கழற்றி வைக்கிறார். எனவே கேபிளா மின்சாரமா என்று வாதாடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அணிகிறவரின் வேலைக்கும் உடம்புக்கும் வீட்டுக்கும் பொருந்துகிறதா என்றே பார்க்க வேண்டும். எமது வெயிலில் உறைக்குள் வியர்க்கும். ஐவேளை வுழூவுக்குக் கழற்றி மாட்டுவது இலகுவாக இருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்து சாப்பிடும் வேலையை எந்தக் கொக்கியும் செய்யாது.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்யும் பிளாஸ்டிக் கைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அதன் தொடக்கமும் ஒரு தச்சர்தான். தென்னாபிரிக்காவின் ரிச்சர்ட் வான் ஆஸ் 2011 இல் மரம் அறுக்கும்போது விரல்களை இழந்தார். சந்தையிலிருந்த விரல்களின் விலை கட்டுப்படியாகவில்லை. அமெரிக்காவின் ஐவன் ஓவன் என்பவரோடு சேர்ந்து இணையம் வழியாகவே ஒன்றை வடிவமைத்தார். அந்த வடிவத்தை 2013 இல் யாரும் எடுத்துச் செய்யலாம் என்று இலவசமாக வெளியிட்டார்கள். வளரும் பிள்ளைகளுக்கு இது அருமையான விடயம், ஏனெனில் மலிவாக அடுத்தடுத்த அளவைச் செய்துகொள்ளலாம். ஆனால் இது மணிக்கட்டை மடக்குவதால் இயங்குவது. மணிக்கட்டு இல்லாதவருக்கு அப்படியே உதவாது. மூட்டை தூக்கும் வேலைக்கும் அந்தப் பிளாஸ்டிக் போதாது.

எமது பக்கத்தில்

காலைப் பொறுத்தவரை எமது நாடு பரவாயில்லை. 1960களின் இறுதியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் இந்தியாவில் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், 1985 இல் கொழும்பு நட்புறவுச் சங்கம் மூலமாக இங்கே வந்தது. யாழ்ப்பாணத்தில் 1987 இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. ராகமையில் 2004 முதல் இத்துறைக்கென ஒரு பாடசாலையே இயங்கி வந்திருக்கிறது. ஜெய்ப்பூர் கால் வெற்றி பெற்றதும் இதே காரணத்தால்தான். குந்தியிருக்க, வெறுங்காலோடு வயலில் இறங்க, தரையில் சம்மணமிட என்று வாழ்க்கையிலிருந்து தொடங்கினார்கள். கைக்கு அப்படி ஒரே விடை வரவில்லை. காலுக்கு நிற்பதும் நடப்பதும்தான் வேலை, கைக்கோ ஆளுக்கு ஆள் வேறு வேலை.

சட்டம் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணை, எந்த உறுப்பு எந்த இடத்தில் போனது என்று பார்த்து நூற்றுவீதம் சொல்லும். போனது தச்சரின் கையா எழுதுவினைஞரின் கையா என்று கேட்காது. நட்டஈடு கொடுக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. அதைக் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. பழகிய ஆளுக்குப் பதிலாகப் புதியவரைப் பழக்கும் மாதங்களில் பிழையாக அறுபடும் மரத்தின் விலையை யாராவது கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கொக்கியின் விலையை அதனோடு வைத்துப் பாருங்கள்.

லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். செயற்கைக் கையின் மணிக்கட்டில் கருவியைப் பூட்டுவது ஒரு திருகாணிதான். அமெரிக்க முறையில் அது அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. ஐரோப்பிய முறையில் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர், ஒன்றரைப் புரி. உங்களிடம் கொண்டு வரப்படும் கை எது என்று புரியளவியை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புரியை வெட்டத் தெரிந்த எவரும் நாடா பிடிக்கும் கவ்வி, மண்வெட்டிக் காம்பு வளையம், தராசுத் தட்டைத் தூக்கும் கொளுவி என்று வேண்டியதைச் செய்யலாம். துருப்பிடிக்காத உருக்கில் செய்யுங்கள். கூரான விளிம்பை உருட்டிவிடுங்கள். கருவி எங்காவது சிக்கினால் மற்றக் கையால் உடனே கழற்றி விடக்கூடியதாக இருக்க வேண்டும். செய்து முடித்ததும், அந்தக் கையைப் பொருத்திய நிலையத்துக்கே ஆளையும் கருவியையும் அனுப்பிப் பாரம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உறை தாங்காத பாரத்தைக் கருவி தாங்கினால், இழுவை முழுவதும் எஞ்சிய கையில்தான் விழும்.